காவடிக் குழுவை நடத்துபவர்களுக்கு

மொரீஷியஸில் தைப்பூசம் பொது விடுமுறை. கொடியேறியதும் 10 நாள் விரதம். அந்த 10 நாளும் மாலைப் பூசைக்கு முதல் ஆளாக வந்து கூடத்தைப் பெருக்குங்கள். பிறகு பிள்ளைகளிடம் ஒழுங்கு பற்றிப் பேசவே வேண்டாம். நீங்கள் ஒரு நாள் பிந்தினால் மறுநாள் பாதிப்பேர் பிந்துவார்கள்.

காவடியோடு கொண்டுபோகும் பால் சொம்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புளி போட்டுத் துலக்கிய சொம்பை மூன்று தண்ணீரிலாவது அலசித் துடைத்துக் காயவிடுங்கள். ஒட்டியிருக்கும் புளிப்பே பாலைத் திரித்துவிடும். அன்று காலையில் காய்ச்சிய பாலை நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள். சூட்டோடு மூடினால் வெதுவெதுப்பிலேயே கெடும். உங்கள் சொம்பை எல்லோரும் பார்க்கும்படி நீங்களே துலக்குங்கள்.

காவடியின் எடையைப் பூக் கட்டிய பிறகும் பாருங்கள், ஈரப்பூ ஒருபக்கம் இழுக்கும். தோள்படும் இடத்தில் துணி சுற்றுங்கள்.

மொரீஷியஸில் தைப்பூசம் கோடைக்காலத்தில் வரும், தார்ச்சாலை கொதிக்கும். இரண்டு வாரம் முன்பே வெறுங்காலோடு நடந்து பழகுங்கள், பிள்ளைகளும் கூடவே வருவார்கள். நாக்கில் அலகு குத்துபவர் பிறகு குடிக்க முடியாது. முன்பே வயிறாரத் தண்ணீர் கொடுங்கள். கோர் தெ கார்ட் மலைக்கோயிலுக்குப் போகிற குழு கடைசிப் படிகளுக்கும் மூச்சு மிச்சம் வைக்க வேண்டும். ஆகவே முன்னால் ஓடாதீர்கள், மெதுவாக நடப்பவரின் பக்கத்திலேயே நடங்கள்.