ஜூன் குறிப்புகள்: அப்பா, அக்கா, அந்தப் படம்

ஜூன் 3, செவ்வாய்

அப்பா மறுபடியும் ‘தோழா’ போடச் சொன்னார், அவரைப் போலவே உடம்பு அசையாத பணக்காரரை ஓர் இளைஞன் பார்த்துக்கொள்கிற படம். கார்த்தி வேலைக்கு வந்து எல்லாவற்றையும் தப்புத் தப்பாகச் செய்கிற பகுதி தொடங்கியதும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கும் அக்கா (அப்பாவுக்கு அவர் ‘மன்னார்குடி’) கையைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டில் ஓரமாக நின்றுவிட்டார், அடுப்பில் ரசம் இருக்கிற நினைப்பே இல்லை. “நீயும் இப்படித்தான் வந்தே மன்னார்குடி, முதல் நாளே ஸ்பூனை மூக்குல விட்டே.” “நீங்க எங்கய்யா வாயைத் தொறந்தீங்க? அன்னைக்கு உங்களுக்குக் கோவம் தொண்டை வரைக்கும் நின்னுச்சு.” சிரிப்பு. ரசம் பொங்கி வழிந்ததை நான்தான் போய்ப் பார்த்தேன்.

ஜூன் 4

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தூக்கம் போய்விட்டது, எழுதிவிடுகிறேன். நள்ளிரவு தாண்டி அப்பா கூப்பிட்டார். முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்வை, தலை வெடிக்கிறது என்றார். நான் ரத்த அழுத்தக் கருவியைத் தேடி அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தேன். அக்கா விளக்கைப் போட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, போர்வையை விலக்கி, சிறுநீர்க் குழாயைத் தொடையிலிருந்து பை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனார். முழங்காலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் பை நிறையத் தொடங்கியது, கொஞ்ச நேரத்தில் முகமும் தெளிந்தது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்தது தெரியாது. உடம்பு ரத்த அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றித்தான் அதைச் சொல்லும், கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம்.

‘தோழா’வுக்கு மூலமான பிரெஞ்சுப் படத்தில் ஓர் இரவு அந்தப் பணக்காரர் பிலிப்புக்கு மூச்சு முட்டும். அவரைப் பார்த்துக்கொள்கிற ட்ரிஸ் அவரை அதிகாலைப் பாரிஸ் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போவான், குளிர்காற்று பட்டதும் சரியாகிவிடும். அழகான காட்சி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே காற்றுக்கு முன்னால் குழாயைப் பார்க்க வேண்டும். மலம் எடுக்கிற வேலையைச் செய்ய மாட்டேன் என்று ட்ரிஸ் சண்டை போடுவதாக ஒரு காட்சி உண்டு, அதையும் சிரிப்பாக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொதிக்கிற தேநீரைக் காலில் ஊற்றிப் பார்க்கும் இடம் இன்னொன்று. எல்லாரும் சிரிக்கிற இடம் அது. எனக்கு அந்தத் தோல்தான் தெரிகிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதை எந்தப் படத்திலாவது முழுதாகக் காட்டுவார்களா? காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

ஜூன் 8, ஞாயிறு

அக்காவுக்கு ஓய்வு நாள். தேக்காவுக்குப் போய்விட்டார், ஊர்க்காரர்களைப் பார்க்க, மகளுக்குப் பட்டுப்புடவை விலை கேட்க. அந்தப் புடவை விஷயம் அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பதால் அரிசி வாங்கப் போயிருப்பதாகச் சொன்னேன். “மூணு மணி நேரமா அரிசியா?” என்றார். பேச்சை மாற்றினேன்.

அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கும் ஹோய்ஸ்ட் எனக்குப் பழகத்தான் இல்லை. பட்டையை ஒரு பக்கம் உயரமாக மாட்டிவிட்டேன் போல, அப்பா காற்றில் ஒருக்களித்துத் தொங்கினார். அக்காவாக இருந்திருந்தால் இதையே இருவரும் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். என்னிடம் “பரவாயில்லைம்மா, பரவாயில்லை” என்றார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

2016-ல் ‘தோழா’ வந்தபோது நாங்கள் தியேட்டரில்தான் பார்த்தோம். அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. படம் முடிந்து வெளியே வரும்போது, “நாகார்ஜுனாவுக்குத் தலைமுடிகூடக் கலையலையே, இவரா நோயாளி?” என்று நக்கல். வேகமாக நடப்பார், நானும் அம்மாவும் பின்னால் ஓட வேண்டும்.

ஜூன் 11

இன்று அப்பா கேட்ட கேள்வி: “அந்தப் பணக்காரன் ஏன் அவனைப் பிடிச்சான் தெரியுமா?”

தெரியும். ட்ரிஸ் வேலை கேட்டே வரவில்லை, உதவித்தொகைக்காக ஒரு கையெழுத்து வாங்கத்தான் வந்தான். அவனிடம் இரக்கம் இல்லை, அதுதான் தனக்கு வேண்டும் என்று பிலிப் நினைக்கிறார். “உனக்கு என்னைப் பார்த்தா பாவமா இருக்கு, மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. மன்னார்குடிக்கு இல்லை” என்றார் அப்பா. அப்புறம், “நீ என்ன செய்வே, மகளாச்சே” என்று சேர்த்துக்கொண்டார், என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்.

நாள் பூராவும் இதுதான் ஓடியது. அலுவலகக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள்.

அக்காவுக்கு இரக்கம் இல்லை என்பதும் பொய். போன வருடம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார், எனக்குத் தெரியும். முகத்தில் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

ஏஜென்டு போன். புதிய ஆள் வேண்டுமென்றால் இப்போதே சொல்ல வேண்டுமாம். உடற்குறை உள்ளவர் வீட்டில் இருப்பதால் பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான், அது தொடரும். 5,000 வெள்ளிப் பிணையத்தைப் புது ஆளுக்குத் தனியாகப் போட வேண்டும். பேசி முடித்துவிட்டு அக்காவின் வேலை அனுமதி அட்டையை எடுத்துப் பார்த்தேன், ஜூலையில் முடிகிறது. முதலாளி என்ற இடத்தில் என் பெயர்.

இந்த ‘நட்பு’ப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இடறுகிற இடம் இதுதான். படத்தில் பிலிப் பணக்காரர், ட்ரிஸ் ஏழை, சரி. ஆனால் ட்ரிஸுக்குப் பிடிக்கவில்லையென்றால் கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம், அதே பாரிஸில்தான் இருப்பான். இங்கே நான் ஒரு கையெழுத்துப் போட்டால் அக்கா ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். இது அப்பாவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருவரும் எப்படி இவ்வளவு சாதாரணமாகத் திட்டிக்கொள்கிறார்கள்? நான் சத்தம் போட்டால் அக்கா உடனே “சரிங்கம்மா” என்று ஒடுங்கிவிடுகிறார். அப்பா கத்தினால் திருப்பிக் கத்துகிறார். கையெழுத்து என்னுடையது என்பதாலா?

அமெரிக்க விமர்சகர்கள் சிலர் அந்தப் பிரெஞ்சுப் படத்தைக் கடுமையாகத் திட்டினார்கள், கறுப்பின இளைஞனைப் பணக்கார வெள்ளைக்காரரை மகிழ்விக்கும் ஆளாக்கிவிட்டார்கள் என்று. அதே வேடத்துக்குத்தான் ஓமர் சி சிறந்த நடிகருக்கான பிரான்சின் சேசர் திரைப்பட விருது வாங்கினார், அதை வாங்கிய முதல் கறுப்பின நடிகர். இரண்டு பக்கமும் எனக்கு ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜூன் 15

அப்பாவுக்குச் சவரம். அக்கா மீசையைப் பாதி எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். படத்தில் வரும் சவரக் காட்சியைப் பார்த்த கோளாறு. அப்பா “ஹிட்லர் வேண்டாம், எம்ஜிஆர் வை” என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன். சொல்லவே தேவையில்லாமல் இருந்திருக்கிறது.

“மகளுக்கு ஆவணியில கல்யாணம், அனுமதியைப் புதுப்பிக்கல, அதானே? அவ சித்திரையிலேயே சொல்லிட்டா” என்கிறார் அப்பா. எனக்கே மே கடைசியில்தான் தெரியும்! மாப்பிள்ளை திருவாரூரில் பைக் மெக்கானிக் என்பது வரைக்கும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் சேமிப்பிலிருந்து எடுத்து மூன்று பவுன் வாங்கச் சொன்னார். அக்காவைக் கேட்டால், “ஐயா மனசு கஷ்டப்படும்னு நீங்க மறைச்சீங்க, உங்க மனசு கஷ்டப்படும்னு நாங்க மறைச்சோம்” என்கிறார். நாங்கள்! இந்த வீட்டில் ‘நாங்கள்’ என்பது அவர்கள் இரண்டு பேர்.

சாப்பிடாமல் படுத்துவிட்டேன். பிறகு பசித்தது, எழுந்து சாப்பிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மூவருமாக வெளியே போனோம். பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து சரிவுப் பலகையைப் போட்டார், அப்பா அவருக்கு மாண்டரினில் நன்றி சொன்னார், துறைமுகத்தில் கற்ற மாண்டரின். கோப்பிக்கடையில் ரொட்டி பராட்டாவும் தே ஓ கோசோங்கும் (பால், சர்க்கரை இல்லாத தேநீர்). அக்கா தன் தட்டிலிருந்து பிய்த்து அவருக்கு ஊட்டினார், பக்கத்து மேசைக்காரர் முறைத்துப் பார்த்தார். பார்க்கட்டும்.

வழியெல்லாம் அப்பா நிஜக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பிலிப்பின் உண்மைப் பெயர் பிலிப் போசோ டி போர்கோ, ஷாம்பெயின் நிறுவனத்தில் பெரிய பதவி, 1993-ல் பாராகிளைடிங்கில் விழுந்தார். ட்ரிஸுக்கு மூலமான அப்தெல் செல்லூ வேலைக்கு வந்தபோது அவர் மனைவி உயிரோடுதான் இருந்தார், 1996-ல்தான் புற்றுநோயில் போனார். படத்தில் அந்த அம்மா முதலிலேயே இல்லை. “ஏன்யா அவங்களை எடுத்துட்டாங்க?” என்றார் அக்கா. “பொண்டாட்டி இருந்தா ரெண்டு ஆம்பளைங்க எப்படிக் கூத்தடிக்கிறது?” என்றார் அப்பா. அம்மா இருந்திருந்தால் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்.

செல்லூ அல்ஜீரியாவில் பிறந்தவர், படத்தில் செனகல்காரர் ஆக்கிவிட்டார்கள். பிரான்சில் மட்டும் 1 கோடியே 90 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. போசோ டி போர்கோ 2023-ல் மொராக்கோவில் காலமானார். அதைச் சொல்லிவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கா, “சரி சரி, தண்ணி குடிங்க, காலையிலேருந்து அரை பாட்டில்கூட உள்ள போகல” என்று உறிஞ்சுகுழலை வாயில் வைத்தார்.

ஜூலை 5

திருச்சி விமானம். அப்பா சாங்கிக்கு வரவில்லை என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

ஜூலை 6

புது ஆள் மியன்மார்க்காரர், சின்னப் பெண், கை பதமாக இருக்கிறது. அப்பா அவரிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். நல்ல அறிகுறி இல்லை.

படத்திலும் ட்ரிஸ் போன பிறகு வருகிறவர்களோடு பிலிப்புக்கு ஒத்துப்போகாது, தாடி வளர்ந்து கிடப்பார், கடைசியில் ட்ரிஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவன் காரில் வந்துவிடுவான். மன்னார்குடியிலிருந்து வர முடியாது.

ஜூலை 9, புதன்

அக்கா வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் பந்தல்காரர் சத்தம், ஆடு சத்தம். புதுப் பெண்ணைக் கேமரா முன்னால் நிறுத்தி, அவருக்குத் தெரியாத தமிழில், குழாயை எப்படித் தடவிப் பார்ப்பது என்று கையால் காட்டிக்கொடுத்தார். அந்தப் பெண் தலையாட்டினார், அப்புறம் போய்ச் சரியாகவே செய்தும் காட்டினார். அப்பாவுக்கு ஒரே திட்டு, தண்ணீர் குடிக்கவில்லையாம், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாராம்.

அப்பா விடவில்லை, செல்லூ புராணத்தை மறுபடி எடுத்தார். பத்து வருடம் போல அவர்கூடவே இருந்தானாம், அப்புறமும் நட்பு விடவில்லையாம், தெரியுமா மன்னார்குடி என்று.

“பத்து வருசமா? சம்பளம் எவ்வளவு குடுத்தாராம்?”

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் மாப்பிள்ளை கடைக்கு இடம் பிடித்தாயிற்றா என்று கேட்டார்.