ஹோட்டல் மேனேஜரின் வேலை: பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் எப்படிப் படிக்கலாம்

"ஒரு ஹோட்டலை நடத்துவதில் மேலாளரின் பங்கையும் பொறுப்புகளையும் விவரி." ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் டிகிரி வாங்குவது அபூர்வம். செமஸ்டர் தாளில் வரும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வரும், கேம்பஸ் இன்டர்வியூவில் வேறு உருவத்தில் வரும். சென்னை தரமணியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த காலத்தில் நானும் என் செட்டும் திட்டமிடல், ஒருங்கமைத்தல், பணியமர்த்தல், இயக்குதல், கட்டுப்படுத்தல் என்று ஐந்து தலைப்பு போட்டு எழுதுவோம். மார்க் வந்துவிடும். இப்போது டியூட்டி மேனேஜராக (ஒரு ஷிஃப்டில் ஹோட்டல் முழுவதையும் பார்த்துக்கொள்கிறவராக) இருக்கிறேன், டிரெய்னிகளை எடுக்கும்போது இன்டர்வியூ அறையில் நானும் உட்காருகிறேன். அந்த ஐந்து தலைப்பில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதையே ஜவுளிக்கடைக்கும் எழுதலாம், டயர் கம்பெனிக்கும் எழுதலாம். ஹோட்டலுக்கு மட்டும் பொருந்துகிற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறவர் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பதில் என்னைப் பொறுத்தவரை இதுதான்: ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் அதன் வேலையைப் பார்க்க ஆள் இருக்கிறது. இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடுவில் விழுகிற வேலை மேனேஜருடையது. இதைப் பிடித்துக்கொண்டு படித்தால் மீதி எல்லாம் தானாக வரிசைக்கு வரும்.

யாருக்குக் கீழே யார் என்பதை ஒருமுறை படம் போட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மேனேஜர், அவருக்குக் கீழே ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர், எக்ஸிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பர், எக்ஸிகியூட்டிவ் செஃப், எஃப் அண்ட் பி (உணவு, பானம்) மேனேஜர், சீஃப் இன்ஜினியர், ஃபைனான்ஸ், எச்.ஆர்., செக்யூரிட்டி. புத்தகத்தில் உள்ள படத்தை விட, டிரெய்னிங் போன ஹோட்டலின் படத்தைப் போடுவது நல்லது. ஐம்பது ரூம் ஹோட்டலில் ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே கேட்கிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

இனி ஒரு ஷிஃப்டைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். முகூர்த்த நாள். செக்-அவுட் 12 மணி, செக்-இன் 2 மணி. கல்யாணப் பார்ட்டிக்கு 30 ரூம் கொடுக்க வேண்டும். அந்த 30 ரூமிலும் முந்தின ராத்திரி தங்கியது ஒரு கம்பெனி கான்ஃபரன்ஸ் குரூப். டிபார்ச்சர் ரூம் (விருந்தினர் காலி செய்த ரூம்) ஒன்றை முழுசாகத் தயார் செய்ய ஒரு ஆளுக்குச் சுமார் அரை மணி நேரம் பிடிக்கும். 30 ரூமுக்கு 15 மணி நேர உழைப்பு. ஆறு பேர் இருந்தால் இரண்டரை மணி நேரம், அதாவது எல்லாரும் சரியாக 12 மணிக்குக் காலி செய்தாலும் கடைசி ரூம் 2.30-க்குத்தான் கைக்கு வரும். எட்டுப் பேர் இருந்தால் 2 மணிக்குள் முடியும். ஆக, முந்தின நாள் சாயங்காலமே வேறு ஃப்ளோரிலிருந்து இரண்டு பேரை இந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். 'திட்டமிடல்' என்ற தலைப்பின் கீழ் இந்தக் கணக்கை எழுதுங்கள்.

சரி, திட்டம் போட்டாகிவிட்டது. காலை பதினொன்றரைக்கு லாண்டரியிலிருந்து போன்: பாய்லர் நின்றுவிட்டது, ஸ்டீம் இல்லை, பெட்ஷீட் வராது. ரிசப்ஷன் ஹவுஸ்கீப்பிங்கை நெருக்குகிறது. ஹவுஸ்கீப்பிங் லாண்டரியைக் கைகாட்டுகிறது. லாண்டரி இன்ஜினியரிங்கைக் கைகாட்டுகிறது. இன்ஜினியரிங்கோ, பார்ட்ஸ் கேட்டு இன்டென்ட் (வாங்கித் தரக் கோரும் சீட்டு) போட்டிருந்தோம், பர்ச்சேஸில் நிற்கிறது என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் எல்லைக்குள் அவரவர் பேச்சு சரி. லாபியில் பட்டுப்புடவையும் பெட்டியுமாக நிற்கிற குடும்பத்துக்கு இதில் ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. இந்த இடத்தில்தான் மேனேஜர் வருகிறார்.

அவர் முதலில் கேட்பது எந்தெந்த ரூம் உடனே வேண்டும் என்பதை. பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஆளுக்கொன்று, வயசானவர்களுக்கு, கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கு. 30 ரூம் என்ற மலை ஏழெட்டு ரூமாகக் குறைந்துவிடும். அடுத்தது ஸ்டோரில் பூட்டி வைத்திருக்கும் ரிசர்வ் லினன் (பெட்ஷீட், டவல் வகை). நல்ல ஹோட்டலில் ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று நான்கு செட் இருக்கும்: ஒன்று கட்டிலில், ஒன்று லாண்டரியில், ஒன்று ஃப்ளோர் பேன்ட்ரியில் (அந்தத் தளத்துச் சாமான் அறையில்), ஒன்று ஸ்டோரில். அந்தக் கடைசி செட்டைத் தொடச் சொல்லும் அதிகாரம் மேனேஜருக்கு உண்டு. கான்ஃபரன்ஸ் குரூப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புகிறவர்களுக்குப் பெட்டி வைக்கவும் குளிக்கவும் இரண்டு ரூமை ஒதுக்கி, மற்ற ரூம்களைக் காலி செய்து வாங்க வேண்டும். வந்தவர்களை ஹாலில் உட்காரவைத்து காபியும் பலகாரமும் கொடுக்க வேண்டும், அதைப் பில்லில் ஏற்றாமல் விடுவதும் அவர் முடிவு. பிறகு அந்தக் குடும்பத்தில் பெரியவர் யாரோ அவரிடம் போய், "இந்த ரூமெல்லாம் இப்பவே ரெடி சார், மீதிக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்று நேராகச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு லாக் புக்கில் (ஷிஃப்டில் நடந்ததைக் குறிக்கும் நோட்டில்) எழுதுவது பாய்லரைப் பற்றி மட்டுமல்ல, பர்ச்சேஸில் நின்ற அந்த இன்டென்ட்டைப் பற்றியும். நாளைக் காலை மார்னிங் மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் படிப்பது அந்த லாக் புக்கைத்தான்.

பத்து மார்க் கேள்விக்கு இப்படி ஒரு சம்பவத்தை எடுத்து, ஐந்து தலைப்பும் அதில் எங்கெங்கே வருகிறது என்று காட்டி எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். மனப்பாடமும் வேண்டாம்.

கணக்கு என்றால் பயப்படுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். நமக்குத் தேவைப்படும் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். 100 ரூம் உள்ள ஹோட்டலில் 80 ரூம் விற்றது, ரூம் வருமானம் 4,80,000 ரூபாய் என்றால் ஆக்குபன்ஸி (ரூம் நிறைந்த அளவு) 80 சதவீதம், ஏ.டி.ஆர். (விற்ற ரூமுக்குச் சராசரி) 6,000, ரெவ்பார் (மொத்த ரூமுக்குச் சராசரி) 4,800. இதுவரை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்வியில்தான் திணறல். "ரேட்டை 5,000 ஆக இறக்கினோம், 90 ரூம் விற்றது. நல்லதா?" வருமானம் 4,50,000, ரெவ்பார் 4,500. ரூம் நிறைந்தது, பணம் குறைந்தது, சுத்தம் செய்ய வேண்டிய ரூம் பத்து கூடியது. 'நல்லதல்ல' என்று அதோடு நிறுத்தாதீர்கள். கூடுதலாக வந்த பத்து ரூம்காரர்கள் ரெஸ்டாரன்ட்டிலும் பாங்க்வெட்டிலும் (விருந்து ஹாலிலும்) எவ்வளவு செலவழித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்வதைவிட அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கிற பிள்ளையை நான் தயங்காமல் டிக் செய்வேன். இன்று விற்காத ரூமை நாளைக்கு எடுத்துவைத்து விற்க முடியாது என்பது வரை உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபுட் காஸ்ட்டும் (விற்பனையில் சமையல் சரக்குச் செலவின் பங்கு) அப்படித்தான். மாத ஆரம்பச் சரக்கு 3 லட்சம், வாங்கியது 9 லட்சம், கடைசியில் இருப்பு இரண்டரை லட்சம் என்றால் செலவானது ஒன்பதரை லட்சம். அதில் ஸ்டாஃப் சாப்பாடு 50,000 போனால் 9 லட்சம். விற்பனை 30 லட்சம் என்றால் ஃபுட் காஸ்ட் 30 சதவீதம். அடுத்த மாதம் 35 ஆனால் செஃபைத் திட்டுவது மேனேஜர் வேலை இல்லை. விலை ஏறியதா, ஸ்டோரில் எடை பார்த்து வாங்கினார்களா, பஃபேயில் எவ்வளவு மிஞ்சியது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது வேலை.

சட்டம் பற்றிப் பாடத்தில் ஒரு தாள் இருக்கிறது, பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒதுக்காதீர்கள், கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்த பிறகு ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரம் ஆன்லைனில் போயாக வேண்டும், நாங்கள் 'ஃபார்ம் சி' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் இருக்க வேண்டும். பொரித்த எண்ணெயில் டோட்டல் போலார் காம்பவுண்ட் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது சேரும் கெட்ட பொருள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் என்பது பஃபே டேபிளில் நிற்கிற டிரெய்னிக்கே தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் 2013 சட்டப்படி பாலியல் புகாருக்கான உள் குழு வேண்டும். சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இன்டர்வியூவுக்குப் போகும்போது இந்த மாதிரி ஒரு புதுச் செய்தியாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

மனிதர்கள் பற்றிய பகுதி எனக்கு மிகவும் முக்கியம். டிரெய்னிங்கில் சூப்பர்வைசர் டியூட்டி ரோஸ்டர் போடும்போது பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். தீபாவளிக்கு யாருக்கு லீவு, யாருக்குத் தொடர்ந்து நைட், யாருக்கு பிரேக் ஷிஃப்ட் (நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டாக வேலை) என்பதில் ஒரு மேனேஜரின் நேர்மை முழுசாகத் தெரிந்துவிடும். சென்னை ஹோட்டல்களில் அஸ்ஸாம், மணிப்பூர், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஊருக்குப் போய்வர அவர்களுக்கு ரயிலிலேயே நாள் கணக்கில் ஆகும், இரண்டு நாள் லீவு கொடுத்தால் அது லீவே இல்லை. ஸ்டாஃப் கேன்டீன் சாப்பாட்டைத் தானும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிற மேனேஜரிடம் ஆட்கள் நிலைக்கிறார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

நெருக்கடி பற்றிக் கேட்டால் மும்பை தாஜ் மஹால் பேலஸைப் படித்துவிட்டுப் போங்கள். 2008 நவம்பர் 26 அன்று தாக்குதல் நடந்தபோது அங்கே ஜெனரல் மேனேஜராக இருந்தவர் கரம்பீர் காங். அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் அந்தக் கட்டிடத்தின் மேல் தளத்திலேயே தீயில் இறந்தார்கள். அவர் விருந்தினர்களை வெளியேற்றும் வேலையில் நின்றார். அவருடைய ஊழியர்களும் தாங்கள் தப்பிக்கும் முன் விருந்தினர்களை அனுப்பினார்கள், பலர் உயிரையும் கொடுத்தார்கள். இதை எழுதும்போது வீர வசனம் வேண்டாம். ஃபயர் எக்ஸிட், அசெம்பிளி பாயிண்ட், ரூம் வாரியாக விருந்தினர் பட்டியல் எடுப்பது, கிச்சன் கேஸ் மெயின் வால்வ் எங்கே என்பது எல்லாம் நைட் ஷிஃப்டில் இருக்கிற கடைசி ஆள் வரைக்கும் தெரிந்திருப்பதைப் பார்த்துக்கொள்வது மேனேஜர் பொறுப்பு என்று எழுதுங்கள், அது போதும்.

மேனேஜ்மென்ட் டிரெய்னி தேர்வுகளில் தாஜ், ஐ.டி.சி., ஓபராய் எதுவானாலும் சூழ்நிலைக் கேள்வி நிச்சயம் உண்டு என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். நான் வழக்கமாகக் கேட்பது: "ரூமில் வைத்த மோதிரம் காணவில்லை, ரூம் பாய்தான் எடுத்திருப்பான் என்று விருந்தினர் கத்துகிறார். என்ன செய்வீர்கள்?" பாதிப் பேர் உடனே மன்னிப்புக் கேட்டு, பையனை விசாரிப்பதாக வாக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கேயே பையனைத் திருடனாக்கியாயிற்று. முதலில் விருந்தினரைத் தனியாக உட்காரவைத்து முழுசாகக் கேளுங்கள், கடைசியாக எப்போது பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதத்தோடு, அவரையும் வைத்துக்கொண்டு, செக்யூரிட்டியோடு ரூமைத் தேடுங்கள். குளியலறை, சேஃப், லாண்டரிக்குப் போன துணிப்பை எதையும் விடாதீர்கள். எந்தக் கார்டு எந்த நேரத்தில் கதவைத் திறந்தது என்ற லாக் ரிப்போர்ட், காரிடார் சி.சி.டி.வி., லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ரெஜிஸ்டர் மூன்றையும் பாருங்கள். போலீஸில் புகார் கொடுக்க விரும்பினால் உதவுவோம் என்று சொல்லுங்கள். அந்தப் பையனிடம் பேசும்போது அவன் டிபார்ட்மென்ட் ஹெட்டும் கூட இருக்கட்டும், குரல் உயர வேண்டாம்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு முதலில் தமிழிலேயே வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். முதலில் என்ன, அடுத்து என்ன என்ற வரிசை தெளிவாகட்டும். அப்புறம் அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக மாற்றிக்கொள்ளலாம். நண்பன் ஒருவன் கோபக்கார விருந்தினராகவும் நீங்கள் டியூட்டி மேனேஜராகவும் ஹாஸ்டல் அறையில் நடித்துப் பாருங்கள், பிறகு மாறி நடியுங்கள். டிரெய்னிங்கில் தினம் ராத்திரி அரைப் பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தால் உதாரணத்துக்கு அலைய வேண்டியதில்லை. கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். சம்பளத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எந்த டிபார்ட்மென்ட்டில் முதலில் போடுவீர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை மாதம், என்னை மதிப்பிடப் போவது யார் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.