பள்ளத்தூர் ஆச்சி வீட்டு பிரிண்டரும் நான் மாற்றி வைத்த பைத்தானும்

காலை ஆறேகாலுக்கு ஆச்சியிடமிருந்து போன். "தம்பி, ஒட்டுற தாள் ஒண்ணும் வரமாட்டேங்குது. என்னான்னு பார்க்கலாம்னா அந்த பிரிண்டர் பெட்டியும் திறக்கலை." பெட்டி என்று ஆச்சி சொன்னது திரையில் வரும் பிரிண்டர் அமைப்பு ஜன்னலை.

ஆச்சி பள்ளத்தூரில் வீட்டோடு பலகாரம் போட்டுக் கொடுப்பவர். மறுநாள் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குத் தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை எல்லாம் பாக்கெட்டாகப் போக வேண்டும். பெயர், சேர்மானம், பாக்கெட் போட்ட தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், இத்தனையும் அடித்த லேபிள் இல்லாமல் ஒரு பாக்கெட்டைக்கூட ஆச்சி வாசல் தாண்ட விடமாட்டார். தேன்குழலுக்கு மட்டும் 120 லேபிள். ஸ்டிக்கர் தாள் ஒன்றில் 24 வரும். ஐந்து தாள் வேண்டும்.

நான் காரைக்குடியில் சின்னதாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆச்சி வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட் 21 என்கிற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அதனால் அதில் எது நடந்தாலும் போன் எனக்குத்தான் வரும். கடையைத் திறக்காமல் நேரே வண்டியை விட்டேன்.

கணினி இருப்பது இரண்டாங்கட்டில், எண்ணெய்ச் சட்டியிலிருந்து பத்தடி தள்ளி. வேறு இடம் வேண்டும் என்று நான் சொல்லி அலுத்துவிட்டேன். முதலில் பார்த்தது கேபிள். பெருக்கும்போது மேசையை நகர்த்தியிருக்கிறார்கள், யுஎஸ்பி பாதி கழன்று தொங்கியது. இவ்வளவுதானா என்று அழுத்திச் செருகினேன். அப்படியும் அச்சு வரவில்லை. மெனுவில் போய் பிரிண்டர்களைத் தட்டினேன். சுட்டி ஒரு நொடி சுற்றியது, நின்றது. ஜன்னலும் வரவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. இன்னொரு முறை தட்டினேன், அதே கதை.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் செய்ததைச் சொல்ல எனக்கே வெட்கம்தான். மறுதொடக்கம் செய்தேன். சிஸ்டம்-கான்ஃபிக்-பிரிண்டர் என்கிற அந்தக் கருவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ஆச்சியின் கணக்கில் ஏதாவது அமைப்புக் கோப்பு கெட்டிருக்குமோ என்று என்னுடைய நிர்வாகிக் கணக்கில் நுழைந்து பார்த்தேன், அங்கேயும் திறக்காமல் விழுந்தது. இவற்றில் இந்தக் கடைசி ஒன்றுதான் உருப்படியான வேலை. இரண்டு கணக்கிலும் ஒரே மாதிரி விழுகிறது என்றால் கோளாறு ஆச்சியின் அமைப்புகளில் இல்லை, கணினிக்கே பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது.

"ஏன் தம்பி, கையாலேயே எழுதி ஒட்டிரவா?" என்றார் ஆச்சி. 120 லேபிளில் 120 முறை பதினான்கு இலக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்புக் கதவு இறுகிக்கொண்டால் யாரும் கடப்பாரை தேடுவதில்லை, சுற்றிப் போய்ப் பின்வாசலில் நுழைவார்கள். லினக்ஸில் அச்சடிப்பதும் அப்படித்தான். திறக்காத அந்த ஜன்னல் வெறும் முகப்பு. உள்ளே வேலை செய்வது கப்ஸ் என்கிற அச்சு நிரல். 1997-இல் மைக்கேல் ஸ்வீட் எழுதத் தொடங்கியது. ஆப்பிள் கணினிகளிலும் அச்சுக்கு அதுதான் ஓடுகிறது. ஜன்னல் செத்தாலும் கப்ஸ் பாட்டுக்கு ஓடும். அதற்கென்று உலாவி வழியாக ஒரு பின்வாசலும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட், ஒரு முக்காற்புள்ளி, பிறகு 631 என்று அடித்தேன். 631 என்பது இணைய அச்சு நெறிமுறைக்கென்று ஒதுக்கிய போர்ட் எண். பக்கம் உடனே வந்தது.

பிரிண்டர்ஸ் பகுதியில் ஆச்சியின் இங்க் டேங்க் பிரிண்டர் பெயருக்குப் பக்கத்தில் 'பாஸ்டு' என்று இருந்தது. கேபிள் கழன்ற நேரத்தில் அனுப்பிய வேலை போய்ச் சேரவில்லை, கப்ஸ் வரிசையை நிறுத்தி வைத்துவிட்டது. பிழை வந்தால் நிறுத்து என்று அமைத்திருந்தால் கேபிளைச் செருகியதும் அதுவாக ஓடாது. யாராவது வந்து போகலாம் என்று சொல்ல வேண்டும். மெயின்டனன்ஸ் பட்டியலில் 'ரெஸ்யூம் பிரிண்டர்' என்று இருக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பிரிண்டரை நிர்வகிக்க அனுமதி உள்ள எல்பிஅட்மின் குழுவின் பயனர் என்றால்தான் விடும், என் கணக்கு அதில் இருந்தது. தட்டினேன். கர்ரென்று ஒரு சத்தம், முதல் தாள் வெளியே வந்தது.

ஐந்து தாளும் வந்தன. ஆச்சி கத்தரிக்கோலை எடுக்கப் போனார். நான் பெருமையாகக் காபி டம்ளரைக் கையில் எடுக்கவும் ஆறாவது தாள் வந்தது. அப்புறம் ஏழாவது.

"எத்தனை தடவை பிரிண்ட் குடுத்தீங்க ஆச்சி?"

"வரலை வரலைன்னு ஒரு ஆறு தடவை அழுத்தியிருப்பேன்."

ஆறு ஐந்து முப்பது. 'கேன்சல் ஆல் ஜாப்ஸ்' அதே மெயின்டனன்ஸ் பட்டியலில்தான் இருக்கிறது. ஓடிப் போய் அதைத் தட்டுவதற்குள் மூன்று தாள் வீண். ஸ்டிக்கர் தாள் சும்மா வருவதில்லை. நின்றுபோன வரிசையை ஓடவிடுவதற்கு முன்னால் ஜாப்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து என்னென்ன காத்திருக்கிறது என்று பாருங்கள். டெர்மினல், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் ஜன்னல், பழக்கம் உள்ளவர்கள் எல்பிஸ்டாட் கட்டளையிலும் பார்க்கலாம்.

வேலை நடந்துவிட்டது, கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த ஜன்னல் ஏன் திறக்கவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. டெர்மினலைத் திறந்து கருவியின் பெயரை அங்கேயே அடித்தேன். இதை முதல் நிமிஷமே செய்திருக்க வேண்டும். மெனுவில் தட்டினால் சத்தமில்லாமல் சாகிற நிரல், டெர்மினலில் ஓட்டினால் சாகும்போது புலம்பிவிட்டுச் சாகும். இந்தக் கருவி பைத்தான் என்கிற நிரல் மொழியில் எழுதியது. பைத்தான் நிரல்களின் புலம்பலைக் கீழிருந்து படிக்க வேண்டும், காரணம் கடைசி வரியில் இருக்கும். இங்கே கடைசி வரி, தனக்கு வேண்டிய ஒரு தொகுதி (துணை நிரல்) கிடைக்கவில்லை என்றது.

சரி, விடுபட்டிருக்கும் என்று அந்தத் தொகுதியை நிறுவச் சொன்னேன். ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் புதுப் பதிப்பு என்றது, நிரல்களை நிறுவும் கருவியான ஏபிடி. பைத்தானைத் தனியாகத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். கப்ஸ் தொகுதி? இல்லை. டீபஸ் என்ற இன்னொரு தொகுதி? அதுவும் இல்லை. நிறுவி இருக்கிறது என்கிறது, நிரல் இல்லை என்கிறது. கோப்பு கிடக்க வேண்டிய கோப்புறைக்குள் போய்ப் பார்த்தேன். கப்ஸ் என்ற பெயரோடு கோப்பு அங்கேதான் இருந்தது. அதன் பெயருக்கு நடுவில் 310 என்று ஒரு எண்.

அந்த 310-ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பைத்தான் 3.10-க்காகத் தொகுத்த கோப்பு அது. வேறு பதிப்பு பைத்தான் வந்து தேடினால் அதன் கண்ணுக்கு இந்தக் கோப்பு தெரியாது. என்ன பதிப்பு ஓடுகிறது என்று கேட்டேன். 3.11.

இதற்கு மேல் துப்பறிய ஒன்றும் இல்லை. மூன்று வாரம் முன்பு ஆச்சியின் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். கல்லூரி புராஜெக்டுக்குப் புது பைத்தான் வேண்டும் அண்ணே என்று கேட்டான். 3.11-ஐ நிறுவிக் கொடுத்தேன், அதில் தப்பில்லை. பைத்தான்3 என்று அடித்தாலே புதியது வரட்டும் என்று கணினியின் பொது இணைப்பையும் அதற்கு மாற்றி வைத்தேன். அதுதான் வினை. மின்ட் தன் சொந்தக் கருவிகளில் பாதியைப் பைத்தானில்தான் வைத்திருக்கிறது, எல்லாமே அந்த இணைப்பை நம்பியவை. பிரிண்டர் நின்றால் மூலையில் அறிவிப்பு காட்டும் குட்டி நிரலும் பைத்தான்தான். அதனால்தான் ஆச்சிக்கு எந்தத் தகவலும் வராமல் ஆறு முறை அழுத்த வேண்டி வந்தது.

ஆச்சி இதை அப்போதே சொல்லியிருக்கிறார். "கீழே ஒரு கேடயம் மாதிரி இருக்குமே, அதைக் காணோம் தம்பி" என்று போன வாரமே போனில் சொன்னார். அது அப்டேட் மேனேஜர். மறைந்திருக்கும் ஆச்சி, விடுங்க என்று பதில் சொன்னது நான்தான். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் காணாமல் போனால் இரண்டுக்கும் பொதுவானது எது என்று தேடியிருக்க வேண்டும்.

சரிசெய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இணைப்பைத் திரும்ப 3.10-க்குத் திருப்பினேன். 3.11-ஐ நீக்கவில்லை; பேரனுக்கு அவன் கோப்புறைக்குள்ளேயே 3.11-ஐ வைத்து ஒரு மெய்நிகர் சூழல் போட்டுக் கொடுத்தேன், அவன் எதைப் போட்டாலும் அங்கேயே கிடக்கும். மெனுவில் பிரிண்டர்களைத் தட்டினேன். ஜன்னல் ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றது. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் கேடயமும் வந்தது, மூன்று வாரத்துப் புதுப்பிப்புகள் தலைக்கு மேல் குவிந்திருந்தன.

யாரால் வந்தது என்று ஆச்சியிடம் சொன்னேன். "அதுக்கென்ன, மாத்துனவனுக்குத்தானே திருப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த தேன்குழலைத் தட்டில் வைத்தார்.

வீணாய்ப் போன மூன்று தாளையும் ஆச்சி குப்பையில் போடவில்லை. அடுத்த வாரம் போனபோது அடுப்படி அலமாரியைப் பார்த்தேன். புளி ஜாடி, உப்பு ஜாடி, மல்லித்தூள் டப்பா என்று எல்லாவற்றிலும் 'தேன்குழல்' என்று ஒட்டியிருந்தது, பாக்கெட் போட்ட தேதியோடு.