சாரல் காலத்தில் கதவை இழைக்காதே

அப்பா செங்கோட்டையில் ஆசாரி. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் பட்டறைக்கு ஒரே புகாராக வரும். "கதவு பிடிக்குது ஆசாரி, வந்து ரெண்டு இழை இழைச்சுக் கொடுங்க." அப்பா அசையமாட்டார். "மாசி பொறக்கட்டும். அப்பவும் பிடிச்சா வாரேன்" என்பார். மாசியில் யாரும் வரமாட்டார்கள், கதவு தானாகச் சரியாகியிருக்கும். பொறுக்கமுடியாமல் வேறு ஆளை வைத்து இழைத்தவர்கள் வீட்டில் மட்டும் பங்குனி வெயிலில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பென்சில் நுழையும்.

இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2021 ஜூலையில் மிச்சிகனில் என் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு மரத்தரை போட்டபோது இது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

அப்போது என் கண்ணில் பட்டதெல்லாம் ஜான்கா எண் ஒன்றுதான். மரத்தரை வாங்க யோசிக்கும் எவரும் முதல் நாளே அந்தப் பட்டியலில் போய் விழுவார்கள். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பலகையில் பாதி புதையும்வரை அழுத்துவார்கள். அதற்கு எத்தனை பவுண்டு விசை தேவைப்பட்டதோ அதுதான் அந்த மரத்தின் எண். செர்ரி 950, வால்நட் 1,010, ரெட் ஓக் 1,290, ஒயிட் ஓக் 1,360, மேப்பிள் 1,450, ஹிக்கரி 1,820. வீட்டில் அப்போது இரண்டு வயதுக் குழந்தை, கையில் கிடைத்ததையெல்லாம் தரையில் போடும் பருவம். 1,820 என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஹிக்கரி என்று முடிவு செய்தேன். அதிலும் ஐந்து அங்குல அகலப் பலகை. அகலமாக இருந்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று கடையில் சொன்னார்கள். தெரியத்தான் செய்தது.

பெட்டிகள் மூன்று வாரம் கராஜில் கிடந்தன. டெட்ராய்ட் பக்கத்து ஜூலை எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், சட்டை முதுகில் ஒட்டும். தரை போட வந்தவர் பெட்டியைப் பிரித்தார், அன்றைக்கே ஆணி அடிக்க ஆரம்பித்தார். பலகையில் ஈரம் எவ்வளவு என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்லி என்ன, கராஜில் போட்டுவைத்தது நான்தானே.

ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இரவும் பகலும் ஓடியது. வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கியது. ஒருநாள் காலையில் பார்த்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே கறுப்புக் கோடுகள். மகள் ஒரு குவார்ட்டர், அதாவது கால் டாலர் நாணயத்தைக் கொண்டுவந்து அதில் செங்குத்தாகச் செருகி நிறுத்திவிட்டுக் கைதட்டினாள். குவார்ட்டரின் கனம் 1.75 மில்லிமீட்டர். ஆகஸ்டில் அந்த நாணயத்தை இடுக்கி வைத்து இழுத்தும் எடுக்க முடியவில்லை. அடுத்த ஜனவரியில் தானாகவே கையோடு வந்தது.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மரத்தின் உள்ளீரம் ஒரு சதவீதம் ஏறினால் அல்லது இறங்கினால் பலகை அகலவாட்டில் எவ்வளவு நகரும் என்பதற்கு ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கெழு உண்டு; பலகையின் அகலத்தையும் ஈர வித்தியாசத்தையும் அதனால் பெருக்கவேண்டும். சாதாரணமாக அறுத்த பலகையில் ஹிக்கரிக்கு 0.00411. உள்ளீரம் கோடையில் 10, குளிர்காலத்தில் 6 என்று வைத்துக்கொண்டால் நான்கு சதவீத வித்தியாசம். ஐந்து அங்குலப் பலகை 0.08 அங்குலம் சுருங்கும், அதாவது இரண்டு மில்லிமீட்டர். நாணயம் நின்றதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதே கணக்கை இரண்டேகால் அங்குல ரெட் ஓக்குக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட வரவில்லை. மரத்தின் இனத்தால் வந்த வித்தியாசம் கொஞ்சம், அகலத்தால் வந்ததுதான் பெரும்பகுதி. இதை எனக்கு எந்தக் கடையிலும் சொல்லவில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். ஜான்கா எண்ணையெல்லாம் அவர் காதில் வாங்கவே இல்லை. "எப்ப வெட்டுன மரம்? எங்க போட்டு வச்சிருந்த? எந்த மாசம் அடிச்ச?" மூன்றே கேள்வி. ஜூலை என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆடில அடிச்சியாக்கும்" என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பா வாழ்நாள் முழுக்க இழைத்த தேக்குக்கு ஜான்கா எண் ஆயிரத்துச் சொச்சம்தான். ரெட் ஓக்கைவிட மெத்து. ஆனால் ஈரத்துக்கு அது அசைவது ரெட் ஓக் அசைவதில் பாதி. எங்கள் ஊர் நிலைகள் தலைமுறை தாண்டி நிற்பது கடினத்தால் இல்லை. ஜான்கா எண் கீறலையும் சொல்லாது. நாற்காலிக் கால் இழுபட்டால் முதலில் கோடு விழுவது மேலே பூசிய பாலியூரித்தேனில். ஹிக்கரியானாலும் வால்நட்டானாலும் பூச்சு ஒன்றுதானே. கனமான சாமான் விழுந்து குழி விழுமா என்பதற்கு மட்டும்தான் அந்த எண் உதவும்.

2024-இல் முன்னறைக் கார்பெட்டை எடுக்க முடிவு செய்தபோது நிதானமாக ஆரம்பித்தேன். ஆறு இனங்களில் மாதிரித் துண்டு வாங்கி ஒரு மாதம் சமையல் மேடையில் போட்டுவைத்தேன். மனைவிக்கு வால்நட் மேல்தான் ஆசை, அந்தக் காப்பி நிறத்துக்காக. எனக்கும் பிடிக்கும். ஆனால் வெளிச்சம் படப்பட அது வெளுக்கும். செர்ரி நேர் எதிர், வெளிச்சத்தில் கறுத்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு ஜமுக்காளத்தை விரித்துவிட்டு வருஷம் கழித்து எடுத்தால் அது கிடந்த இடம் கட்டம் கட்டினாற்போலத் தெரியும். எங்கள் முன்னறையில் தெற்கு ஜன்னல், வெயில் மாலைவரை உள்ளேயே கிடக்கும். இரண்டையும் விட்டோம்.

பிரேசிலியன் செர்ரி என்று ஒன்று விற்கிறார்கள். அது செர்ரியே இல்லை. ஜடோபா என்ற தென்னமெரிக்க மரம், நம் புளியமரத்துக்குச் சொந்தக்காரன். எண் 2,350. புளியங்கட்டையை வாங்கி இறைச்சிக் கடைக்காரர்கள் கொத்துகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அது ஆச்சரியமாக இல்லை. மேப்பிள் கூடைப்பந்து மைதானங்களின் மரம், பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பழைய கட்டம்போட்ட தரை மட்டும் ரெட் ஓக். மேப்பிளை அதன் வெளிர் நிறத்திலேயே வைத்துக்கொண்டால் அழகு. சாயம் ஏற்றினால் திட்டுத்திட்டாகக் குடிக்கும்.

கடைசியில் ரெட் ஓக்கா ஒயிட் ஓக்கா என்று வந்து நின்றது. இப்போது எல்லோரும் ஒயிட் ஓக் என்கிறார்கள். ரெட் ஓக்கில் ஒரு இளஞ்சிவப்பு ஓடும், வெளிர் சாம்பல் நிறத் தரை கேட்பவர்களுக்கு அது ஆகாது. மகளிடம் நான்கு அங்குல ரெட் ஓக் துண்டு ஒன்றைக் கொடுத்து, ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதச் சொன்னேன். குமிழ் குமிழாக வந்தது. மரத்தின் குழாய்கள் அந்த அளவுக்குத் திறந்தே கிடக்கின்றன. ஒயிட் ஓக்கில் முகம் சிவக்க ஊதினாள், ஒன்றும் வரவில்லை. அதன் குழாய்களை மரமே உள்ளுக்குள் அடைத்துக்கொள்கிறது. விஸ்கிப் பீப்பாய்க்கு அதைத் தேடிப் போவது இதனால்தான். அதனால் தண்ணீர் புழங்கும் இடம் என்றால் ஒயிட் ஓக். ஓக் எதுவானாலும் தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துப்போகும், பூந்தொட்டியின் இரும்பு வளையம் ஒன்று போதும். சமையலறைக்கு என் கருத்து, மரமே வேண்டாம். ரசம் கொதித்து வழிகிற வீட்டுக்கு டைல்ஸ்தான் லாயக்கு.

முன்னறைக்கு ரெட் ஓக் என்று முடிவானதற்குக் காரணம் கூடத்து அலமாரி. அதன் மூலையில் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது கீழே 1958-இல் வீடு கட்டியபோதே போட்ட ரெட் ஓக், இரண்டேகால் அங்குலப் பட்டி, முக்கால் அங்குலக் கனம். கூடம் முழுக்க அப்படியே இருந்தது. அறுபத்தைந்து வருஷக் குளிரையும் கோடையையும் பார்த்த தரை, இடைவெளியில் விசிட்டிங் கார்டு நுழைந்தால் அதிகம். அதோடு புதுப் பலகையைப் பல் பல்லாகக் கோர்த்து, மொத்தத்தையும் ஒன்றாக இழைத்துப் பூசிவிட்டால் எங்கே பழசு முடிகிறது, எங்கே புதுசு தொடங்குகிறது என்று தெரியாது. மரக்கண்ணும் நிற வேறுபாடும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நம்பர் ஒன் காமன் தரம் எடுத்தேன். அப்பா வெள்ளை விழுந்த பலகையைத் தொடாமல் ஒதுக்குவார். இங்கே அதற்குக் 'கேரக்டர்' என்று பெயர்.

இந்தத் தடவை ஈரமானி ஒன்று சொந்தமாக வாங்கினேன். ஃபர்னஸ் ஓடத் தொடங்கிய பிறகு, அக்டோபர் கடைசியில், பெட்டிகளைப் பிரித்து முன்னறையிலேயே பரப்பி வைத்தேன். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த பட்டிக்கும் கீழே உள்ள பிளைவுட்டுக்கும் ஈர வித்தியாசம் நான்கு சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், அதைவிட அகலம் என்றால் இரண்டுக்குள். அமெரிக்க மரத்தரைச் சங்கமான நேஷனல் வுட் ஃப்ளோரிங் அசோசியேஷன் சொல்லும் கணக்கு இது. எனக்குப் பலகை 7, பிளைவுட் 9 காட்டியது. ஆணி அடித்தோம்.

ஹிக்கரியைப் பிடுங்கவில்லை, அதற்குக் காசில்லை. ஃபர்னஸோடு காற்றுக்கு ஈரமூட்டும் ஹ்யூமிடிஃபையர் ஒன்றை மாட்டிக் குளிர்காலத்தில் ஈரப்பதத்தை 35-இல் நிறுத்துகிறேன். நாணயம் இப்போது இடுக்கில் நுழைந்து நிற்பதில்லை, சாய்ந்து விழுகிறது.

இழைத்த அன்று வீடெல்லாம் மஞ்சள் தூசி. அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். ஓக் மரத்தை அவர் பார்த்ததே இல்லை. தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தூளைக் கையில எடு. வாசம் எப்படி?" என்றார். தேக்குத் தூள் தோல் பை மாதிரி மணக்கும். இது அப்படியில்லை, லேசாகப் புளித்த வாசம் என்றேன்.

"புளிச்சா பரவால்ல. ஈர நாத்தம் இல்லையே?"

இல்லை என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் பேத்தியைக் கூப்பிடச் சொன்னார்.