இடக் கண்

மே 14, 2021, வெள்ளி

ஆக்சிஜன் 97. கொரோனா வார்டிலிருந்து வீடு வந்து ஆறு நாள். சர்க்கரை மட்டும் 340, ஸ்டெராய்டு ஊசி பண்ணிய வேலையாம். இடது கன்னம் பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி மரத்துக் கிடக்கிறது. சைனஸ்தான், பதினைந்து வருடப் பழக்கம். நொச்சி போட்டு ஆவி பிடித்தேன்.

மே 16

ஆவி. தலைவலி. மறுபடி ஆவி.

மே 18, செவ்வாய்

மூக்கைச் சிந்தினால் கறுப்பாக ஏதோ வருகிறது. மனைவியிடம் சொல்லவில்லை. தினசரி காலண்டரில் 18 இரண்டாகத் தெரிகிறது. இடக் கண்ணைப் பொத்தினால் ஒன்றுதான்.

மே 20

இமை தொங்கிவிட்டது. விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். 20 இல்லை. காலண்டரே இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கறுப்புப் பூஞ்சையாம். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கிற எலும்பு காகிதக் கனம்தானாம். பூஞ்சை அதைத் தாண்டிப் போய் ரத்தக் குழாயை அடைத்துவிட்டது. இந்தக் கண்ணில் பார்வை திரும்பாது என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். பூஞ்சை கறுப்பில்லையாம், செத்துப்போன சதைதான் கறுப்பாம். இதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக இன்றைக்குத்தான் அறிவித்திருக்கிறார்கள்.

மே 21

மூக்கு வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். தொண்டையெல்லாம் ரத்த ருசி.

மே 23

ஆம்போடெரிசின், பூஞ்சையைக் கொல்கிற மருந்து. குப்பி 50 மில்லிகிராம். கிலோவுக்கு ஐந்து, நான் அறுபது கிலோ, ஆக ஒரு நாளைக்கு ஆறு குப்பி. மச்சினன் மதுரை முழுக்க அலைந்து நேற்று இரண்டு கொண்டுவந்தான். இன்று ஒன்று. நாளையிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு, அவன் எப்படி வண்டி எடுப்பான்? பற்றாததற்கு அதிலேயே சாதா வகையை ஏற்றுகிறார்கள். ஏறும்போது கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர்.

மே 26

கிரியாட்டினின் 2.1. சிறுநீரகத்துக்கு அடி.

மே 29

தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகிறது. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். கன்னம் மரத்தது வெள்ளி. இரண்டாகத் தெரிந்தது செவ்வாய். நடுவே சனி, ஞாயிறு, திங்கள். சனிக்கிழமை போயிருந்தால்? செவ்வாய்க்கிழமையாவது போயிருந்தால்? "உசுரு இருக்கே, அது போதும்" என்று போனில் எல்லோரும் சொல்கிறார்கள். சரி, போதும்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை கண் இருந்தது.

விடியற்காலையில் அவளாகவே சொன்னாள்: "நொச்சிய நான்தானே பறிச்சுட்டு வந்தேன்." கறுப்பைப் பார்த்ததை அப்போதும் நான் சொல்லவில்லை.

ஜூன் 2

கண்ணையே எடுக்க வேண்டி வரலாம், மூளைக்கு ஏறாமல் இருக்க. பார்வை இல்லாத கண்தானே என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு முடிவு. சம்மதப் படிவத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 3

பொட்டாசியம் குறைவு. மூன்று குப்பி கிடைத்தது.

இமையைத் தூக்கி டியூப்லைட்டைப் பார்த்தேன். ஏதோ வெளுப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது. வலக் கண்ணை ஒழுங்காக மூடவில்லையோ என்னவோ.

ஜூன் 4, வெள்ளி

வலக் கண்மேல் துண்டைக் கட்டிப் பார்த்தேன். ஆறு மணிக்கு எம்.ஆர்.ஐ. வீல்சேர் வந்துவிட்டது.