வழியோரத்துத் தாய்

புனித நாட்டுப் பயணத்தில் பெத்லகேம் பிறப்பிட ஆலயத்தை யாரும் தவறவிடுவதில்லை. ஆதியாகமத்தில் வரும் யாக்கோபின் மனைவி ராகேலின் கல்லறைக்கு எங்கள் குழுவில் வந்தது நாலே பேர்.

எருசலேமிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். கடைசித் தூரத்தில் உயரமான கான்கிரீட் சுவர்கள் வந்துவிடுகின்றன. 1841ல் ஆங்கிலேய யூதக் கொடையாளர் மோசஸ் மான்டிஃபியோரி பழுதுபார்த்த, பழைய படங்களில் பார்த்த அந்தச் சின்னக் குவிமாடம் வெளியே தெரியவேயில்லை. கோட்டை மாதிரி கட்டடத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பெண்கள் பகுதியில் நல்ல நெரிசல். கல்லறையை மூடிய துணியில் நெற்றியை வைத்தபடி ஒருத்தி நின்றாள். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

ஞாயிறு பள்ளியில் ராகேல் என்றால் அழகி, யாக்கோபு அவளுக்காக உழைத்த வருஷங்கள், அவ்வளவுதான். அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது வேறு. "எனக்குப் பிள்ளைகொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்" என்றவள் அவள். யோசேப்பு பிறந்தான். இரண்டாவது பிரசவத்தில், எப்பிராத்தாவுக்கு, அதாவது பெத்லகேமுக்கு, போகிற வழியிலேயே உயிர் போனது. போகிற மூச்சில் பிள்ளைக்கு பெனொனி, என் துக்கத்தின் மகன், என்று பேரிட்டாள். யாக்கோபு அதை பென்யமீன் என்று மாற்றிவிட்டான். பிள்ளையின் நல்லதுக்குத்தான், ஆனாலும் அவள் கடைசியாகச் சொன்ன சொல்லையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

ராகேலின் அக்கா, யாக்கோபின் இன்னொரு மனைவி லேயாளை மக்பேலா குகையில் குடும்பத்தாரோடு அடக்கம்பண்ணினார்கள். இவள் மட்டும் வழியோரத்தில். சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போகும் பிள்ளைகள் இந்த வழியாகக் கடப்பார்கள், அவர்களுக்காக அவள் மன்றாடவே யாக்கோபு அவளை இங்கே வைத்தான் என்பது யூத மரபு. எரேமியா 31ல் அவள் அழுகிறாள். பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று கர்த்தர் தேற்றுகிறார். மத்தேயு தன் சுவிசேஷத்தில் அந்த அழுகையை மட்டும் எடுத்து, ஏரோது ராஜா கொன்ற குழந்தைகளுக்காக வைத்தார். (1 சாமுவேல் 10ஐக் காட்டி, கல்லறை இங்கே இல்லை, பென்யமீன் கோத்திரத்து எல்லையில் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அன்று அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை.)

பிரசவத்தில் இறந்தவளின் கல்லறைக்குத்தான் பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். கல்லறையைச் சுற்றிய சிவப்பு நூலை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள்.

கல்லறையில் வேண்டிக்கொள்வது எங்கள் சபை வழக்கமில்லை. நான் கர்த்தரிடம் தங்கையின் பேரை மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்ற பாட்டிக்கு என்ன புரிந்ததோ, ஒரு துண்டு நூலை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். சரி என்று வாங்கிக்கொண்டேன். தங்கைக்குக் கொடுக்கலாமா, போதகர் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

நூல் இன்னும் என் வேதாகமத்தில்தான், ஆதியாகமம் 35ல் இருக்கிறது.