பழைய கைபேசியை ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறேன்

நன்றாக வேலை செய்யும் கைபேசியை மாற்றுவதில்லை என்ற முடிவைச் சிக்கனத்துக்காக மட்டும் நான் கடைப்பிடிக்கவில்லை. ஒரு பொருளைச் செய்யச் செலவான மனித உழைப்புக்கும் மண்ணிலிருந்து எடுத்த கனிமங்களுக்கும் நான் தர வேண்டிய மரியாதை அது என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு கைபேசி தன் ஆயுள் முழுவதும் ஏற்படுத்தும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

பலர் புதிது வாங்கத் துணிவது பேட்டரி தளர்ந்துபோவதால்தான். லித்தியம் அயனி பேட்டரி, சில நூறு முறை முழுமையாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பின், தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. பெரும்பாலும் அதை மட்டும் மாற்றினாலே போதும். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் சென்றதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. எஞ்சியது எங்கே போனது என்ற கேள்வி என்னை உண்மையாகவே வருத்துகிறது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும் என்று, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன கைபேசியில் வங்கிச் செயலியை வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது. ஆகவே வாங்கும்போதே, கேமராவின் தரத்தைப் பார்ப்பதற்கு முன், எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புகள் உறுதியளிக்கப்பட்டுள்ளன, உதிரி பாகங்கள் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன்.